மூன்று பைத்தன், ஒரு மில்: என்.எஸ்.எஸ்.எம். பாவித்த ஒன்றரை வருடம்

பரந்தனுக்குக் கிட்ட ஒரு அரிசி மில். அதன் தராசு அறைக்குள் ஒரு கொம்பியூட்டர். மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு உமித்தூசி. அந்தப் பெட்டிக்குள் பைத்தன் என்ற மொழியில் எழுதின மூன்று புரோகிராம்கள் இரவு பகலாக ஓட வேண்டும். ஒன்று லொறித் தராசின் நிறையை வாசித்துப் பதியும். மற்றது விதைநெல் காய வைக்கிற ட்ரையரின் சூட்டைப் பார்த்து, கூடினால் மணியடிக்கும். மூன்றாவது மின்மீட்டரை வாசிக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு அன்றைய கணக்கை முதலாளியின் தமையனுக்கு ரொறன்ரோவுக்கு அனுப்பும். மில்லுக்குக் காசு போட்டவர் தமையன்தான். அங்கே அவருக்குக் காலைக் கோப்பி நேரம். கோப்பி ஆற முதல் கணக்கு வராவிட்டால் என்னுடைய போன் அடிக்கும்.

நான் கிளிநொச்சி ரவுணில் கொம்பியூட்டர் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். பொறியியலாளர் இல்லை. பைத்தனும் தேவைக்குப் பழகினதுதான். ஆகவே இதைக் கடைக்காரியின் மதிப்புரையாகவே வாசியுங்கள். சாமான் என்.எஸ்.எஸ்.எம்.: எந்தப் புரோகிராமையும் விண்டோஸ் சேர்விஸாக, அதாவது யாரும் திறக்காமலே பின்னால் தானாக ஓடுகிற வேலையாக, மாற்றித் தருகிற சின்ன எக்ஸி பைல். விலை கிடையாது, பதிப்புரிமையும் கிடையாது, பொதுச்சொத்தாக விட்டிருக்கிறார்கள். பெயரின் முழு விரிவை, "நொன்-சக்கிங் சேர்விஸ் மனேஜர்" என்பதை, முதலாளிக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்ததால் அவருக்கு இன்றைக்கும் அது "அந்த எஸ்.எஸ்.எம்." தான். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மிச்சம் ஒன்று ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில், 2024 மார்ச்சில் ஒரு இரவு.

காலபோக அறுவடை முடிகிற நேரம். ட்ரையரில் விதைநெல். விதைநெல்லுக்கு விடுகிற காற்று 43 பாகைக்கு மேலே போனால் முளைதிறன் போய்விடும். அதனால்தான் அந்த மணி. இரவு கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடித்து, கொம்பியூட்டர் திரும்ப எழும்பியது. தராசு எழும்பியது, மீட்டர் எழும்பியது, ட்ரையர் புரோகிராம் மட்டும் எழும்பவில்லை. மணி அடிக்கவில்லை என்றால் எல்லாம் நல்லாக இருக்கிறது என்றுதானே ஆட்கள் நினைப்பார்கள்? நெல்லைக் காப்பாற்றியது ட்ரையரில் நிற்கிற ஐயா. கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "உது சுடுது" என்று நெருப்பைக் குறைத்திருக்கிறார். காலையில் நான் போய் இறங்கினபோது எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை, உன்ர கொம்பியூட்டர் நித்திரை. நான் நித்திரையில்லை."

திறந்து பார்த்தால் எரர்: "நோ மொட்யூல் நேம்ட் பைமொட்பஸ் டொட் கிளையன்ட் டொட் சிங்க்." பார்த்த உடனேயே எனக்கு முகம் சிவந்தது. செய்தது நான்தான்.

ட்ரையர் புரோகிராம் பொறியியல் படித்த ஒரு தம்பி எழுதிக் கொடுத்தது. அவர் இப்ப வெளிநாட்டில். அது பைமொட்பஸ் என்ற லைப்ரரியின், அதாவது இப்படியான கருவிகளோடு கதைக்க யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த கோட் கட்டின், 2.5.3 பதிப்பில் ஓடுகிறது. மின்மீட்டருக்கு நான் எழுதினது அதே லைப்ரரியின் மூன்றாம் பதிப்புக்கு. மூன்றாம் பதிப்பில் அந்த "சிங்க்" என்ற இடத்தையே எடுத்துவிட்டார்கள். "யூனிட்" என்று இருந்ததை "ஸ்லேவ்" என்றும் மாற்றினார்கள். நான் பெப்ரவரியில் மீட்டரைப் பூட்டும்போது ஒன்றும் யோசிக்காமல், லைப்ரரிகளை இறக்கிப் போடுகிற பிப் இன்ஸ்டோல் கட்டளையை "அப்கிரேட்" போட்டு அடித்தேன். பழையது போய்ப் புதியது வந்து உட்கார்ந்தது.

இதில் எனக்குப் பிறகு விளங்கின விஷயம்தான் முக்கியம். நான் இன்ஸ்டோல் பண்ணின அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் ட்ரையர் புரோகிராம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பழைய லைப்ரரி அதன் மெமரியில் ஏறிவிட்டது. டிஸ்கில் மாறினது அதற்குத் தெரியாது. மூன்று கிழமை அப்படியே ஓடியது. கரண்ட் போய் வந்தபோதுதான் திரும்ப லைப்ரரியைத் தேடியது, காணவில்லை, செத்தது. அதாவது பிழை பிடிபடுவது பிழை விட்ட நாளில் இல்லை, அடுத்த கரண்ட் கட்டில். எங்கள் ஊரில் கரண்ட் கட் எப்ப வரும் என்று யாருக்குத் தெரியும்?

முதலாளி அண்ணைக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நாள் போனது. "மூண்டு புரோகிராமுக்கு மூண்டு பைத்தனோ? ஏன் தங்கச்சி, ஒண்டு காணாதோ?" என்றார். அவருக்கு இரணைமடுவின் கீழே வயல் இருக்கிறது. "அண்ணை, ஒரே வாய்க்காலில மூண்டு வயல். மேல இருக்கிறவர் தன்ர வசதிக்கு மடையைத் தட்டினால் கடைமடை வயலுக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார். "அப்ப ஒவ்வொண்டுக்கும் கிணறு வெட்டு" என்றார். அந்த நேரம் முதல் நாங்கள் இருவரும் வீஎன்வைக் கிணறு என்றுதான் சொல்கிறோம்.

வீஎன்வ் என்பது பைத்தன் 3.3 முதல் கூடவே வருகிற சாமான்தான். தனியாக இறக்கத் தேவையில்லை. ஒரு போல்டருக்குள் தனிப் பைத்தன் மாதிரி ஒன்றை உண்டாக்கும், அதற்குள் போடுகிற லைப்ரரி அதற்குள்ளேயே கிடக்கும். சி டிரைவில் "சேர்விஸ்" என்ற போல்டர், அதற்குள் தராசு, ட்ரையர், மீட்டர் என்று மூன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வீஎன்வ். மூன்றும் சேர்ந்து 300 எம்.பி.கூட வரவில்லை. இடம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் தங்கள் போனில் கிடக்கிற கல்யாண வீடியோக்களை ஒருக்கால் பார்க்கட்டும்.

கிணறு வெட்டியாயிற்று. இனி இதைச் சேர்விஸாக ஓட்டுவது எப்படி? இங்கேதான் நான் நாலு மாதம் அலைந்தேன்.

முதலில் விண்டோஸோடு வருகிற எஸ்.சி. கட்டளையால் பைத்தன் எக்ஸியையே நேரே சேர்விஸ் ஆக்கினேன். ஸ்டார்ட் அழுத்தினால் 30 செக்கன் சுற்றிவிட்டு 1053 என்ற எரர். சேர்விஸ் என்று பதிந்த புரோகிராம் "நான் எழும்பிவிட்டேன்" என்று விண்டோஸுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். பைத்தனுக்கு அந்தப் பாஷை தெரியாது. 30 செக்கன் பார்த்துவிட்டு விண்டோஸ் கைவிடும்.

பிறகு டாஸ்க் ஷெடியூலர். இது ஓடியது! இரண்டு நாள் நல்ல சந்தோஷம். மூன்றாம் நாள் மத்தியானம் தராசு நின்றது. எரர் இல்லை, ஒன்றும் இல்லை, சத்தம் போடாமல் நின்றது. திரும்ப ஓட்டினேன், திரும்ப மூன்றாம் நாள். தேடிப் பார்த்தால், மூன்று நாளுக்கு மேல் ஓடுகிற வேலையை நிறுத்து என்ற பெட்டி தானாகவே சரி போட்டபடி இருக்கிறது. அதை எடுத்துவிட்டேன். மடிக்கணினியில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: கரண்ட் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற பெட்டியும் தானாகவே சரி போட்டிருக்கும். வன்னியில் அந்தப் பெட்டியைச் சரி போட்டு வைத்தால் வேலை தொடங்கின மாதிரித்தான். ஒரு நாளுக்கு ஒருக்கால் ஓடுகிற வேலைக்கு ஷெடியூலர் போதும். நாள் முழுக்க ஓடுகிறதுக்கு அது சரிவரவில்லை. நின்றால் ஏன் நின்றது என்று தேடுவது பெரும்பாடு.

பைவின்32 என்ற லைப்ரரியைப் பாவித்துப் பைத்தனிலேயே சேர்விஸ் எழுதலாம். ஒழுங்கான வழி அதுதான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் எழுதினேன். ஆனால் அதில் சேர்விஸை ஓட்டுவது பைத்தன் எக்ஸி இல்லை, பைத்தன்சேர்விஸ் எக்ஸி என்ற வேறொன்று. அது என் கிணற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. பொதுப் பைத்தனின் லைப்ரரியைப் போய் எடுத்தது. அதாவது கிணறு வெட்டி வைத்துவிட்டுத் திரும்பவும் வாய்க்கால் தண்ணீர். அதைச் சரிக்கட்டப் பாதைகளை மாற்றி, டி.எல்.எல். பைல்களை இடம் மாற்றி எல்லாம் செய்கிறார்கள். ஒரு இடத்தில் செய்யலாம். நான் மூன்று மில்லும் ஒரு ஐஸ் பெக்டரியும் பார்க்கிறேன். எனக்கு அது சரிவராது.

பைஇன்ஸ்டோலரால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸியாகக் கட்டியும் பார்த்தேன். அன்டிவைரஸ் அதை வைரஸ் என்று தூக்கி எறிந்தது. அதோடு விட்டேன்.

என்.எஸ்.எஸ்.எம்.ஐ 2024 ஜூலையில் பூட்டினேன். அது செய்வது நடுவில் நிற்கிற வேலை. விண்டோஸோடு சேர்விஸ் பாஷையில் அது கதைக்கும். உங்கள் பைத்தனைப் பின்னாலே பிள்ளை மாதிரி வைத்து ஓட்டும். பைத்தன் விழுந்தால் தூக்கிவிடும். "என்.எஸ்.எஸ்.எம். இன்ஸ்டோல் தராசு" என்று அட்மினிஸ்ட்ரேட்டராக அடித்தால் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் மூன்று பெட்டி. முதலாவதில் எந்த எக்ஸி, இரண்டாவதில் எந்தப் போல்டரில் நின்று ஓட வேண்டும், மூன்றாவதில் எந்தப் பைத்தன் பைல்.

லைப்ரரிச் சண்டை தீர்வது அந்த முதல் பெட்டியில்தான். என்.எஸ்.எஸ்.எம். தானாக ஒன்றையும் பிரிக்காது. அந்தப் பெட்டியில் பொதுப் பைத்தனைக் காட்டினால் பழைய கதைதான். வீஎன்வ் போல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் கிடக்கிற பைத்தன் எக்ஸியின் முழுப் பாதையைக் காட்ட வேண்டும். "அக்டிவேட்" எதுவும் தேவையில்லை. அக்டிவேட் என்பது கறுப்பு ஜன்னலில் கட்டளை அடிக்கிற ஆளுக்கான வசதி மட்டும். அந்த எக்ஸியால் தொடங்கினாலே அது தன் கிணற்றில்தான் அள்ளும். டாஸ்க் மனேஜரில் ஒரு சேர்விஸுக்கு இரண்டு பைத்தன் தெரிந்தால் பதறாதீர்கள். விண்டோஸில் 3.7.2 முதல் வீஎன்வுக்குள் இருப்பது ஒரு வாசல்காரன் மாதிரி. அது உண்மையான பைத்தனைப் பின்னால் எழுப்பும். நான் முதல்நாள் இரண்டாவதை "மிச்சம்" என்று நினைத்து நிற்பாட்டிவிட்டேன். தராசு போனது.

இரண்டாவது பெட்டியையும் வெறுமையாக விடாதீர்கள். சேர்விஸ் சாதாரணமாக விண்டோஸின் சிஸ்டம்32 போல்டரில் நின்றுதான் ஓடத் தொடங்கும். ஐஸ் பெக்டரிக்கு நான் எஸ்.சி. கட்டளையோடும் என்.எஸ்.எஸ்.எம். மாதிரி இன்னொரு சாமானோடும் விளையாடின காலத்தில் டேட்டாபேஸ் பைல் ஒன்று சிஸ்டம்32க்குள் உண்டாகி, இரண்டு நாள் அதைத் தேடினேன்.

இனி ஓகஸ்ட். சிறுபோக நெல் வரத் தொடங்கின முதல் நாள். காலை ஆறு மணி முதல் லொறிகள், எல்லாம் நல்லபடி. ஒன்பது மணிக்குக் கணக்குத் தம்பி போன் எடுக்கிறார்: "அக்கா, தராசு விட்டு விட்டு வருது." விட்டு விட்டு என்றால் எப்படி என்று கேட்டேன். "சில ஆக்களுக்கு வேலை செய்யுது, சில ஆக்களுக்கு இல்லை." சிரித்துவிட்டேன். கொம்பியூட்டர் ஆள் பார்த்தா வேலை செய்யும்?

ஆள் பார்த்துத்தான் செய்திருக்கிறது. காலையில் வந்தவை வாடகை லொறிகள். அவற்றுக்கு லொறி இலக்கம் மட்டும் பதிவார்கள், அது இங்கிலீஷ் எழுத்து. ஒன்பது மணிக்குப் பிறகு தங்கள் நெல்லைத் தாங்களே உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டு வந்த கமக்காரர்கள். அவர்களின் பெயரைத் தம்பி தமிழில் அடிக்கிறார். என் புரோகிராம் "இன்னாரின் நெல் இவ்வளவு கிலோ" என்று ஒரு வரியைப் பிரிண்ட் செய்யும். கறுப்பு ஜன்னலில் அந்த வரி தமிழில் அழகாக வரும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சேர்விஸாக ஓடும்போது அந்த வரி ஜன்னலுக்குப் போவதில்லை, என்.எஸ்.எஸ்.எம். அதை லொக் என்கிற பதிவுப் பைலுக்குத் திருப்புகிறது. பைலுக்குத் திரும்பினால் பைத்தன் விண்டோஸின் பழைய எழுத்து முறையில் எழுதப் பார்க்கும். அந்த முறையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. "சார்மேப் கோடெக் கான்ட் என்கோட்" என்று சொல்லிவிட்டுச் செத்துவிடும். என்.எஸ்.எஸ்.எம். உடனே தூக்கி நிறுத்தும். அடுத்த தமிழ்ப் பெயருக்குத் திரும்பச் சாகும். தமிழ்ப் பெயரைக் கண்டு சாகிற தராசு, அதுவும் பரந்தனில்.

மருந்து ஒரு வரி. என்.எஸ்.எஸ்.எம். ஜன்னலில் என்வைரன்மென்ட் என்ற பகுதிக்குள் "பைத்தன்யூ.டி.எஃப்.8 சமன் 1" என்று போட்டால் தீர்ந்தது. யூ.டி.எஃப்.8 என்பது தமிழும் அடங்கின எழுத்து முறை. பைத்தன் 3.7 முதல் இந்த வரி இருக்கிறது. 3.15இலிருந்து சொல்லாமலே யூ.டி.எஃப்.8தான் என்று பைத்தன்காரர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அதுவரை தமிழில் எழுதுகிற எவரும் இந்த வரியை மறக்கக்கூடாது. அதே இடத்தில் "பைத்தன்அன்பஃபர்ட் சமன் 1" என்பதையும் போடுங்கள். இல்லையென்றால் லொக் உடனுக்குடன் பைலுக்கு வராது. செத்ததின் கடைசி வார்த்தை என்ன என்று பார்க்கப் போனால் பைல் வெறுமையாக இருக்கும்.

இப்படி என்வைரன்மென்டில் இருக்கிற இன்னொரு வரி எனக்குச் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். கிணறுகள் வெட்டி முடித்த பிறகும் மீட்டர் புரோகிராம் பழைய பைமொட்பஸையே எடுத்துக்கொண்டு நின்றது. வீஎன்வுக்குள் பார்த்தால் புதியதுதான் கிடக்கிறது. ஆனால் ஓடும்போது பழையது. அரை நாள் மண்டை வெடித்தது. கடைசியில், விண்டோஸின் சிஸ்டம் வேரியபிள்களுக்குள் பைத்தன்பாத் என்று ஒன்று, எப்பவோ யாரோ ட்ரையருக்காக எழுதி வைத்தது. அது எல்லாப் பைத்தனுக்கும், வீஎன்வ் என்றாலும், தன் போல்டரை முதலில் காட்டும். அதாவது கிணற்றுக்குள் யாரோ வாய்க்காலில் இருந்து குழாய் போட்டிருக்கிறார்கள். அதை அழித்து, கொம்பியூட்டரை ஒருக்கால் ரீஸ்டார்ட் பண்ணினேன். சேர்விஸ்கள் சிஸ்டம் வேரியபிளின் மாற்றத்தை ரீஸ்டார்ட் இல்லாமல் எடுக்காது. "மைனஸ் இ" போட்டு ஓட்டினால் பைத்தன்பாத்தைக் கேட்காது என்று ஒரு வழி இருக்கிறதுதான். ஆனால் அப்படி ஓட்டினால் மேலே சொன்ன யூ.டி.எஃப்.8 வரியையும் கேட்காது. காது ஒன்றுதான்.

கணக்குத் தம்பியின் கைவரிசை ஒன்றும் உண்டு. நான் இல்லாத நாளில் தராசு நின்றதாம். தானே திருத்தப் பார்த்து "பிப் இன்ஸ்டோல் சீரியல்" அடித்திருக்கிறார். தராசை வாசிக்கிற லைப்ரரியின் பெயர் பைசீரியல். ஆனால் புரோகிராமுக்குள் அதைக் கூப்பிடும்போது சீரியல் என்றுதான் கூப்பிடுவோம். சீரியல் என்ற பெயரிலேயே, தராசுக்கும் போர்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத வேறொரு லைப்ரரி இருக்கிறது. இரண்டும் ஒரே பெயர் போல்டருக்குள் வந்து விழும். நல்ல காலம், அவர் போட்டது பொதுப் பைத்தனுக்குள். கிணறு மூன்றும் தப்பின. தராசு நின்றதற்குக் காரணம் யாரோ யூ.எஸ்.பி. வயரைக் கழற்றி வேறு ஓட்டையில் குத்தினது. தராசின் போர்ட்டுக்கு விண்டோஸ் வைத்த பெயர் கொம் 3 இருந்தது கொம் 7 ஆகிவிட்டது. இப்ப ஓட்டைகளுக்கும் வயர்களுக்கும் நெயில் பொலிஷால் நிறம் அடித்திருக்கிறேன். சிவப்பு தராசுக்கு, ஊதா ட்ரையருக்கு. வீஎன்வால் பிரிக்க முடியாத சண்டைகளும் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஒரு புள்ளி ஏன் குறைந்தது?

முதலாவது, வயது. கடைசி நிலையான பதிப்பு 2.24, வந்தது 2014இல். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் சேர்விஸ் எழும்பாமல் விடலாம் என்பதால் 2017இல் வந்த 2.24-101 என்ற முன்வெளியீட்டை எடுக்கச் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் பாவிக்கிறேன். ஓடுகிறது. ஆனாலும் இவ்வளவு காலம் யாரும் தொடாத சாமானில் மூன்று மில்லைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்ற யோசனை சில இரவுகளில் வரும். வின்எஸ்.டபிள்யூ. என்று இன்னொன்று இருக்கிறது, ஜென்கின்ஸ்காரர்களிடம் இருந்து வந்தது, எக்ஸ்.எம்.எல். பைலில் எல்லாம் எழுத வேண்டும். அதுவும் நல்லதுதான். ஜன்னல் இல்லை என்பதால் போனில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துத் திருத்துவது கஷ்டம், அதுதான் மாறவில்லை.

இரண்டாவது, "போஸ்ட்" என்ற சொல். பைத்தன் எழும்பி ஒன்றரைச் செக்கனுக்குள் செத்தால் என்.எஸ்.எஸ்.எம். அதை உடனே எழுப்பாமல், இடைவெளியைக் கூட்டிக் கூட்டி எழுப்பும். நல்ல பழக்கம். ஆனால் அந்த நேரம் சேர்விஸ் பட்டியலில் "போஸ்ட்", அதாவது இடைநிறுத்தம், என்று காட்டும். யாரோ வேண்டுமென்று இடைநிறுத்தினார்கள் என்று நினைத்து நான் தம்பியை ஏசிவிட்டேன். பாவம். போஸ்ட் என்று தெரிந்தால் லொக்கைத் திறவுங்கள், ஆளை ஏசாதீர்கள்.

மூன்றாவது, அந்த எக்ஸியை டவுன்லோட்ஸ் போல்டரில் வைத்தே இன்ஸ்டோல் செய்துவிட்டு, பிறகு டவுன்லோட்ஸைத் துப்பரவு செய்தால் எல்லாச் சேர்விஸும் போய்விடும். விண்டோஸ் ஓட்டுவது அந்த எக்ஸியைத்தான். இதை அது எங்கேயும் எச்சரிக்காது. எச்சரித்திருக்கலாம். சில அன்டிவைரஸும் இதைச் சந்தேகமாகப் பார்க்கும், கள்ளரும் இதே சாமானைப் பாவிப்பதால்.

நிறுத்துகிற விதத்துக்கு மட்டும் அரைப் புள்ளி கூடவே கொடுக்கலாம். ஸ்டொப் அழுத்தினால் சட்டென்று கழுத்தை நெரிக்காது. முதலில் கன்ட்ரோல் சி அனுப்பும், ஒன்றரைச் செக்கன் பொறுக்கும், பிறகுதான் அடுத்த வழிகள், கடைசியில்தான் கொலை. அந்தப் பொறுமையை நான் 10 செக்கனாகக் கூட்டினேன். தராசு புரோகிராம் டேட்டாபேஸை ஒழுங்காக மூடிவிட்டு நிற்கிறது.

மில்லில் இன்டர்நெட் சிக்னல் காற்றடிக்கிற பக்கம் பார்த்து வரும். ஆகவே லைப்ரரிகளைக் கடையிலேயே "பிப் டவுன்லோட்" போட்டு வீல் என்கிற பொதிப் பைல்களாகப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவேன். அங்கே "நோ இன்டெக்ஸ்" போட்டு, இன்டர்நெட்டைத் தேடாமல் அந்தப் போல்டரில் இருந்தே ஏற்றுவேன். கடைக் கொம்பியூட்டரிலும் மில்லிலும் பைத்தன் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், 64 பிட் என்றால் இரண்டும் 64 பிட். வீஎன்வ் போல்டரை அப்படியே கொப்பி பண்ணிக் கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அதற்குள் பழைய இடத்தின் முழுப் பாதையும் எழுதியிருக்கும், போன இடத்தில் முழிக்கும். பொதுப் பைத்தனை அழித்தாலும் அதே முழிதான்: "நோ பைத்தன் அட்" என்று ஒரு வரி காட்டிவிட்டு நிற்கும். கிணறு என்று நான் சொன்னாலும் அடியில் ஊற்று ஒன்றுதான். அந்தப் பொதுப் பைத்தனை "எல்லாப் பயனருக்கும்" என்று போடுங்கள். மைக்ரோசொப்ட் ஸ்டோர் பைத்தன் சேர்விஸுக்கு வேண்டாம், அது ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஏறுகிற சாதி.

2025 பெப்ரவரி 9, உபமின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, நான் செத்தவீடு ஒன்றில் விசுவமடுவில் நின்றேன். கரண்ட் திரும்பின பிறகு வோச்சர் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். தராசு, ட்ரையர், மீட்டர் மூன்றுக்கும் ஸ்கிரீனில் பச்சை விழுந்ததோ என்று கேட்டேன். "பச்சையாத்தான் கிடக்கு. ஏன், என்ன பிரச்சினை?" என்றார். ரொறன்ரோவில் இருந்து போன் வரவில்லை.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு நின்றதால் மில்லுக்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்கினார்கள். என்.எஸ்.எஸ்.எம். கட்டளைகளை எல்லாம் ஒரு பேட்ச் பைலில் எழுதி வைத்திருந்தேன். வீல் போல்டர், பேட்ச் பைல், என்.எஸ்.எஸ்.எம். எக்ஸி, மூன்று சேர்விஸும் எழும்ப அரை மணித்தியாலம் எடுக்கவில்லை. புதுக் கொம்பியூட்டரில் வீஎன்வை உண்டாக்க யூவி என்ற புதுச் சாமானையும் பாவித்துப் பார்த்தேன். 2024இல் வந்தது, பிப்பை விடப் பறக்கிறது. ஆனால் அதன் மூலம் பைத்தனையே இறக்கினால் அது உங்கள் பயனர் போல்டருக்குள் போய் ஒளிக்கும். சேர்விஸை வேறு கணக்கில் ஓட்டினால் எட்டாது. அந்த இடத்தை மாற்றி வைத்துவிட்டுப் பாவியுங்கள்.

பேட்ச் பைல் தேவைப்படுகிறவர்கள் பென்டிரைவோடு கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம். சனிக்கிழமை மட்டும் வராதீர்கள், மில்லில் நிற்பேன். முதலாளி அண்ணைக்கு இப்ப வாசலில் கமரா பூட்டி லொறி இலக்கத்தைத் தானாக வாசிக்க வைக்க வேண்டுமாம். நாலாவது போல்டர் திறந்தாயிற்று.